நான்காம் வரி

மருதங்காட்டின் நடுவில் ஒரு குளம் இருந்தது. அதன் தென்கரையில் ஆழமான ஒரு மடு. எவ்வளவு கொடிய கோடையிலும் அந்த மடுவில் மட்டும் தண்ணீர் நிற்கும். கரையில் சாய்ந்து கிடந்த நாவல் மரத்தின் அடியில் வளை வைத்து, சாலாச்சி என்ற நீர்நாய் தன் மூன்று குட்டிகளோடு வாழ்ந்து வந்தது. மடு சாலாச்சிக்குச் சொந்தம். அதன் தாய் விட்டுப் போனது.

மடுவில் தண்ணீர் நிற்குமே தவிர, கோடையில் குஞ்சு மீனைத் தவிர வேறு மீன் நிற்காது. கொக்கும் நாரையும் கொத்திக்கொண்டு போய்விடும். சென்ற கோடையில் சாலாச்சி தன் கடைக்குட்டியைப் பசிக்குப் பறிகொடுத்திருந்தது. அந்தப் பயம் இன்னும் அதன் வயிற்றை விட்டுப் போகவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு நாள், சீரங்கன் என்ற கீரி சொட்டச் சொட்ட நனைந்தபடி வந்து நின்றது.

“அக்கா, மழைக்காலத்தில் எனக்கு வேட்டையே இல்லை. வயலெல்லாம் வெள்ளம். உனக்கோ மீன் கொட்டிக் கிடக்கிறது. கோடை வந்தால் நிலைமை தலைகீழ். வரப்பில் நண்டு எங்கே பதுங்கும் என்று எனக்குத்தான் தெரியும். நாம் ஓர் ஒப்பந்தம் போட்டால் என்ன?”

“என்ன ஒப்பந்தம் தம்பி?”

“மழையில் நூறு நாள் நீ எனக்குத் தினம் மூன்று மீன் கொடு. கோடையில் நூறு நாள் நான் உனக்குத் தினம் மூன்று நண்டு கொடுக்கிறேன். அடுத்த கோடையில் உன் குட்டிகளுக்குப் பசி என்றால் என்னவென்றே தெரியாது!”

சாலாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. “வா, இப்போதே எழுதிவிடுவோம்!” என்று கிளம்பியது.

அந்தக் காட்டில் ஒப்பந்தம் எழுதுவது ஏகாம்பரம் என்ற மரங்கொத்தியின் வேலை. குளத்தங்கரைப் பெரிய மருத மரத்தின் பட்டையில் அது கொத்திக் கொத்தி எழுதும். யார் வந்தாலும், எதைக் கொடுத்து எதை வாங்கினாலும், கீழே அதே ஐந்து வரிகளைச் சேர்த்துவிடும். அந்த ஐந்து வரிகளையும் முழுதாகக் கேட்டவர்கள் காட்டில் யாரும் இல்லை.

“மீன், நண்டு, நூறு நாள். சாலாச்சியின் இருப்பிடம் நாவல் மரத்தடி. சரி. ஈடு என்ன?” என்று கேட்டது ஏகாம்பரம்.

“அக்காவின் மடு!” என்றது சீரங்கன் சட்டென்று.

“உன் பக்கத்து ஈடு?”

“என் புற்றைத்தான் பெரியாண்டி அண்ணனுக்கு ஏற்கெனவே ஈடாக எழுதிக் கொடுத்துவிட்டேனே ஐயா! என்னிடம் வேறு என்ன இருக்கிறது? புற்றை விட்டு நான் எங்கே ஓடிவிடப் போகிறேன்?”

பெரியாண்டி என்பது மலையடிக் குகையில் இருந்த கரடி. கரடி சீரங்கனின் புற்றைத் தோண்டக் கூடாது. பதிலுக்குச் சீரங்கன் கரடிக் குட்டிகள் இருக்கும் குகைப் பக்கம் பாம்பு அண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அது அவர்களுடைய ஒப்பந்தம்.

ஏகாம்பரம் தொண்டையைச் செருமிக்கொண்டு படிக்கத் தொடங்கியது.

“முதல் வரி. சொன்ன நாளில் சொன்னதைக் கொடுக்காவிட்டால் அது தவறுதல். இரண்டாம் வரி. தவறியவரிடம், இங்கே எழுதிய இடத்தில் போய், தவறிவிட்டாய் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் வரி. சொன்ன பிறகு மூன்று அந்திக்குள் சரி செய்யாவிட்டால் ஒப்பந்தம் முறியும், ஈட்டை எடுத்துக்கொள்ளலாம். நான்காம் வரி. வேறு யாருக்குக் கொடுத்த வாக்கில் தவறினாலும், எனக்கே தவறியதாகும்…”

மழை வலுத்தது. வளையிலிருந்து குட்டிகள் கத்துவது சாலாச்சியின் காதில் விழுந்தது.

“எல்லாருக்கும் போடும் வரிதானே ஐயா! எங்கே கால் பதிக்க வேண்டும்?” என்று கேட்டு, சேற்றுக் காலைப் பட்டையில் பதித்துவிட்டு ஓடியது.

சீரங்கனோ நான்காம் வரியை மட்டும் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டது. பிறகு அதுவும் கால் பதித்துவிட்டு மழைக்கு ஒதுங்கியது. ஐந்தாம் வரியை ஏகாம்பரம் மழைக்குத்தான் படித்துக் காட்டியது.

சாலாச்சி சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. நூறு நாளும் தினம் மூன்று மீன். நடுவில் ஒரு நாள் பெருவெள்ளம் வந்து நாவல் மரத்தடி வளையை மூடிவிட்டது. சாலாச்சி குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு எதிர்க்கரைப் பாறை இடுக்குக்குக் குடிபோனது. அன்றைக்குக்கூட மூன்று மீன் சீரங்கனின் புற்று வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது!

குளத்தங்கரையில் நீலாயி என்ற மீன்கொத்தியும் இருந்தது. பருந்து வட்டமிட்டால் நீலாயி கத்தும். குட்டிகள் பாறைக்குள் ஓடி ஒளியும். அதற்காகச் சாலாச்சி தினமும் ஒரு குஞ்சு மீனை நீலாயியின் கிளையடியில் வைத்துவிட்டுப் போகும். அதைப் பட்டையில் எழுதவில்லை. வாய்ச்சொல்தான்.

கோடை வந்தது. சீரங்கனின் முறை தொடங்கியது. முதல் பத்து நாள் நண்டு ஒழுங்காக வந்தது. அதற்குப் பிறகு வெயில் வயலைப் பிளந்தது. நண்டுகள் ஆழத்துக்குப் போய்விட்டன. ஒரு நண்டுக்காகச் சீரங்கன் பாதி நாள் மண்ணைத் தோண்ட வேண்டியிருந்தது. நகம் தேய்ந்தது. மூக்கில் ரத்தம் வந்தது. வீட்டில் அதன் இரண்டு குட்டிகளும் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தன.

‘இன்னும் தொண்ணூறு நாளா!’ என்று சீரங்கனுக்குத் தலை சுற்றியது. ‘நான் தவறினால் என் கதை முடிந்தது. அவள் தவறினால்? நான் ஒரு நண்டுகூடக் கொடுக்க வேண்டாம். மடுவும் எனக்கு! இந்தக் கோடையில் அந்த மடு யாருடையதோ, அவருக்குக் காடே அடங்கும்!’

ஆனால் சாலாச்சி எதில் தவறும்? அதுதான் எல்லா மீனையும் கொடுத்து முடித்துவிட்டதே!

இந்த யோசனையோடு சீரங்கன் குளத்தங்கரை வழியாகப் போனது. நீலாயி கிளையில் வாடிப்போய் உட்கார்ந்திருந்தது. கீழே மீன் இல்லை.

“என்ன நீலாயி, சாப்பாடு ஆயிற்றா?”

“எங்கே அண்ணா! அக்காவின் நடுக்குட்டிக்குக் காலில் முள் ஏறி ஒரே காய்ச்சல். இரண்டு நாளாக அக்கா வெளியே வரவில்லை. பாவம், குட்டி பிழைத்தால் போதும்.”

“அப்படியானால் இரண்டு நாளாக உனக்கு மீன் வரவில்லை!”

“அதனால் என்ன அண்ணா? நானே நாலு தட்டானைப் பிடித்துத் தின்றுகொள்கிறேன்.”

கடைசிப் பேச்சைக் கேட்கச் சீரங்கன் அங்கே இல்லை. அது நேராக நாவல் மரத்தடிக்கு ஓடியது. வெள்ளத்தில் மூடிப்போன பழைய வளையின் முன்னால் நின்றது. சுற்றிலும் ஒரு ஈ, எறும்பு இல்லை.

“சாலாச்சி! நீ நீலாயிக்குத் தவறிவிட்டாய்! ஆகவே எனக்கும் தவறிவிட்டாய்! மூன்று அந்திக்குள் சரி செய்!”

சேறு காய்ந்த அந்தப் பொந்து பதில் சொல்லவில்லை. சீரங்கன் மருத மரத்துக்குப் போய், “சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிட்டேன். கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள் ஐயா!” என்றது.

ஏகாம்பரம் ஒரு நொடி அலகைத் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. அந்த மூன்று நாளும் சீரங்கன் நண்டு கொண்டு போகவில்லை, குட்டியின் காய்ச்சலில் சாலாச்சி அதைக் கேட்கவும் இல்லை.

நான்காம் நாள் காலையில் நடுக்குட்டிக்குக் காய்ச்சல் விட்டது. சாலாச்சி மகிழ்ச்சியோடு மடுவுக்கு வந்தது. கரைக்கல்லின் மேல் சீரங்கன் உட்கார்ந்திருந்தது.

“என்ன தம்பி, காலையிலேயே நண்டு கொண்டுவந்துவிட்டாயா?”

“நண்டு இல்லை அக்கா. இனிமேல் நண்டே இல்லை. இந்த மடு என்னுடையது. தண்ணீரிலிருந்து காலை எடு!”

சாலாச்சி சிரித்தது. தம்பி விளையாடுகிறது என்று நினைத்தது. சீரங்கன் சிரிக்கவில்லை.

“நீ நீலாயிக்கு இரண்டு நாள் மீன் கொடுக்கவில்லை. நான்காம் வரி! நாவல் மரத்தடியில் வந்து சொன்னேன். இரண்டாம் வரி! மூன்று அந்தி போய்விட்டது. மூன்றாம் வரி!”

“நாவல் மரத்தடியா? நான் அங்கே இல்லவே இல்லையே! உனக்கே தெரியுமே! வெள்ளத்தன்று நான் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனதை நீ கரையில் நின்று பார்த்தாயே!”

“பார்த்தேன். பட்டையில் என்ன எழுதியிருக்கிறது?”

நீலாயி பறந்து வந்து படபடத்தது. “ஐயோ! எனக்கு யாரும் தவறவில்லை! நான் கேட்கவே இல்லை! அண்ணா, நான் உங்களிடம் மனசு விட்டுச் சொன்னதையா இப்படி…”

“நீ கேட்டாயா என்பது வரியில் இல்லை நீலாயி” என்றது சீரங்கன்.

சாலாச்சி மருத மரத்தடிக்கு ஓடியது. “ஐயா! இது நியாயமா?”

ஏகாம்பரம் தலையைத் திருப்பிக்கொண்டு பேசியது. “நீ அங்கே இல்லை என்று எனக்கும் தெரியும் அம்மா. ஆனால் பட்டையில் இருப்பது நாவல் மரம்தான். குடி மாறினால் வந்து மாற்றி எழுதியிருக்க வேண்டும்.”

“உங்களுக்கும் தெரியுமா!” என்றது சாலாச்சி.

பட்டையை மீறியவரோடு அந்தக் காட்டில் யாரும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே சாலாச்சி குட்டிகளோடு மடுவை விட்டு வெளியேறியது. எதிர்க்கரையில் கணுக்கால் அளவு சேற்றுத் தண்ணீர்தான் இருந்தது. நடுக்குட்டி மறுபடியும் முனகத் தொடங்கியது. சீரங்கன் மடுவின் கரையில் வாலை விரித்துப் படுத்தது. தண்ணீர் குடிக்க வந்த மான்களும் குரங்குகளும் நடந்ததைக் கேட்டுத் தங்களுக்குள் பேசிக்கொண்டன. இரண்டு குஞ்சு மீனுக்காக ஒரு மடுவா!

அன்று மாலை சாலாச்சி மறுபடியும் மருத மரத்தடிக்கு வந்தது. அழவில்லை. அதன் கண்கள் சிவந்திருந்தன.

“ஐயா, அன்றைக்கு நான் கேட்காமல் போன மிச்சத்தைப் படியுங்கள்.”

“ஐந்தாம் வரி” என்றது ஏகாம்பரம். “ஒப்பந்தம் யாரால் முறிந்தாலும், இருவரும் கொடுத்ததையும் கொடுக்க வேண்டியதையும் எடை போட வேண்டும். மீதி யார் பக்கம் நிற்கிறதோ, அவர் அதை மூன்று அந்திக்குள் மொத்தமாகக் கொடுக்க வேண்டும். கொடுக்க வேண்டியது இல்லாதவரின் ஈடு அவருக்கே திரும்பும்.”

சாலாச்சி நிமிர்ந்தது. “நான் முந்நூறு மீன் கொடுத்துவிட்டேன். அவன் முப்பது நண்டுதான் கொடுத்திருக்கிறான்!”

“ஆமாம். ஒப்பந்தம் நிற்கும்வரை அவனுக்குத் தினம் மூன்றுதான் பாரம். முறித்துவிட்டான். இப்போது இருநூற்று எழுபது நண்டும் ஒரேயடியாக அவன் தலையில்.”

செய்தி கேட்டுச் சீரங்கன் கல்லிலிருந்து துள்ளி விழுந்தது. “என்ன! இருநூற்று எழுபதா! மூன்று நாளிலா! தவறியது அவள், கொடுப்பது நானா?”

“யாரால் முறிந்தாலும் என்றுதான் இருக்கிறது” என்றது ஏகாம்பரம். “நீயும் கால் பதித்திருக்கிறாய்.”

சீரங்கன் மூன்று நாள் வெறி பிடித்ததுபோல் மண்ணைத் தோண்டியது. மூன்றாம் அந்தியில் பதினொரு நண்டுகளோடு வந்து நின்றது. அதன் கால்களிலிருந்து ரத்தம் சொட்டியது.

“அக்கா, இவ்வளவுதான் முடிந்தது. கொஞ்சம் அவகாசம்…”

“தவறிவிட்டாய்!” என்று கத்தியது சாலாச்சி. “காடே கேட்கட்டும்! சீரங்கன் எனக்குத் தவறிவிட்டான்!”

அப்படிக் கத்தியபோது சாலாச்சிக்கு நெஞ்சு குளிர்ந்தது. அதைச் சொல்லாமல் விட முடியாது. குட்டிகளோடு மடுவில் குதித்து, கண்ணை மூடிக்கொண்டு மிதந்தது.

அந்தச் சத்தம் மலையடிவரை கேட்டது. பெரியாண்டி குகையிலிருந்து எழுந்து வந்தது. அதற்கும் பசி. காட்டிலிருந்த மற்ற புற்றுகளில் கறையான் தீர்ந்து போயிருந்தது. சீரங்கனின் புற்றில் மட்டும் கொழுத்துக் கிடந்தது.

“சீரங்கா! அவளுக்குத் தவறினால் எனக்கும் தவறியதுதானே! இல்லையா?”

“அண்ணா! உன் குகைக்கு ஒரு பாம்பாவது வந்ததா? உன் வேலையில் நான் ஒரு நாளாவது தவறினேனா?”

“நான் கேட்டது அது இல்லையே!” என்றது கரடி. ஏகாம்பரம் சொல்லச் சொல்ல, மூன்று அந்தியை எண்ணிக்கொண்டு காத்திருந்தது. மீதி நண்டு எங்கிருந்து வரும்? நான்காம் நாள் கரடி இரண்டு கையாலும் புற்றைப் பிளந்து போட்டது. சீரங்கன் தன் இரண்டு குட்டிகளையும் கவ்விக்கொண்டு ஓடியது. அது பிறந்த வீடு அது. அரை நாழிகையில் மண்மேடாகிவிட்டது.

கறையானைத் தின்று ஏப்பம் விட்டபடி குகைக்குத் திரும்பிய பெரியாண்டி அப்படியே உறைந்து நின்றது. வாசலில் ஒரு கருநாகம்! உள்ளே குட்டிகள்! பாம்பை விரட்ட இனி யார் வருவார்கள்? கரடி பாம்புக்கும் குட்டிகளுக்கும் நடுவில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. அங்கிருந்து அதனால் ஓரடி நகர முடியவில்லை.

பெரியாண்டி ஏழு நாளுக்கு ஒருமுறை குரங்குக் கூட்டத்துக்கு ஒரு தேனடை கொடுக்க வேண்டும். அதற்கு ஈடு அதன் தேன்பாறை. அந்த வாரம் தேனடை வரவில்லை. குரங்குகளின் தலைவி வந்து சொல்லிவிட்டுப் போனது. மூன்று அந்தி போனது. நான்காம் நாள் உச்சிவெயிலில், “பாறை நமக்கு! யாரும் முந்திக்கொள்வதற்குள் ஓடுங்கள்!” என்று தலைவி கூவியது. குட்டி, கிழம் என்று பார்க்காமல் மொத்தக் கூட்டமும் மரத்துக்கு மரம் தாவி மலைக்குப் போய்விட்டது.

குளத்தங்கரை மரங்களில் ஒரு குரங்கும் இல்லை.

மான்கள் தண்ணீர் குடிக்கும் நேரம் அது. குரங்குகள் மேலே இருந்து பார்த்துக்கொண்டிருக்கும், சிறுத்தை வந்தால் கத்தும், மான்கள் ஓடிவிடும். எத்தனையோ தலைமுறையாக அப்படித்தான். அன்றும் ஒரு தாய்மான் தன் குட்டியோடு மடுவுக்கு வந்தது. வழக்கம்போல் ஒருமுறை தலையைத் தூக்கிக் காது கொடுத்தது. சத்தம் இல்லை. சத்தம் இல்லாவிட்டால் ஆபத்து இல்லை. குட்டி முன்னங்கால் இரண்டையும் தண்ணீரில் வைத்துக் குனிந்தது.

சாலாச்சி மடுவின் நடுவில் மிதந்துகொண்டிருந்தது. நாணலுக்குள் புள்ளிகள் அசைவதை அதுதான் முதலில் பார்த்தது.

“ஓடு!” என்று அலறியது.

அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சிறுத்தை குட்டியின் கழுத்தைக் கவ்விக்கொண்டு நாணலுக்குள் மறைந்தது. தண்ணீர் கொஞ்ச தூரம் சிவந்தது. தாய்மான் நின்ற இடத்திலேயே நின்றது. அது கத்தவும் இல்லை, ஓடவும் இல்லை.

மறுநாள் காலையில் தாய்மான் மருத மரத்தடிக்கு வந்தது. செய்தி கேட்டுக் காட்டில் பாதி அங்கே கூடியிருந்தது. தேன் ஒட்டிய வாயோடு குரங்குகளும் திரும்பி வந்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன.

“ஐயா, என் குட்டியின் பெயர் எந்த வரியில் இருக்கிறது?” என்று கேட்டது தாய்மான்.

ஏகாம்பரம் பட்டையை மேலிருந்து கீழ்வரை பார்த்தது. “எந்த வரியிலும் இல்லை அம்மா. நீங்கள் எதிலும் கால் பதிக்கவில்லை.”

“அப்படியானால் யாருக்கு யார் தவறியதற்கு என் குட்டி போனது?”

குரங்குத் தலைவி கரடியைச் சொல்லலாம். கரடி கீரியைச் சொல்லலாம். கீரி நீர்நாயைச் சொல்லலாம். ஒவ்வொன்றும் வரிப்படிதான் நடந்திருந்தது. சாலாச்சிக்கு மட்டும் ஒரு சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்தது. பதினொரு நண்டுகளோடு ஒருவன் அவகாசம் கேட்டபோது, தான் நெஞ்சு குளிரக் கத்திய சத்தம்.

“ஐயா, இதை நிறுத்த வழி உண்டா?” என்று சாலாச்சி கேட்டது.

“உண்டு” என்றது ஏகாம்பரம் மெதுவாக. “தவறு யாருக்கு நேர்ந்ததோ, அவர், ‘பரவாயில்லை, நாள் தருகிறேன்’ என்று சொல்லலாம். அதற்கு எழுத்துத் தேவையில்லை. எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம். நாற்பது வருடமாக எழுதுகிறேன். ஒருவரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.”

சாலாச்சி சீரங்கனைத் தேடிக்கொண்டு போனது. வயல் ஓரத்தில் ஒரு காரைப் புதருக்கடியில் சீரங்கன் குட்டிகளை அணைத்துக்கொண்டு படுத்திருந்தது. சாலாச்சியைக் கண்டதும் மயிரைச் சிலிர்த்துக்கொண்டு எழுந்தது.

“இன்னும் என்ன எடுக்க வந்தாய்? குட்டிகளைத் தவிர என்னிடம் ஒன்றும் இல்லை!”

“எடுக்க வரவில்லை. நீ செய்ததை மறக்கவும் வரவில்லை. என் குட்டியைக் காய்ச்சலோடு சேற்றில் படுக்க வைத்தாய். அது எனக்கு ஆயுளுக்கும் மறக்காது.” சாலாச்சி மூச்சு வாங்கியது. “நாளைக்கு எத்தனை நண்டு பிடிப்பாய்?”

“ஒன்று. கிடைத்தால் ஒன்று.”

“ஒன்று கொண்டு வா. மழை வரும்வரை தினம் ஒன்று. மீதியை அடுத்த கோடையில் கொடு.”

சீரங்கன் நம்பாமல் பார்த்தது. “எதற்காக அக்கா?”

“ஒரு மான்குட்டி செத்துப்போயிற்று.”

சாலாச்சி நடந்ததைச் சொன்னது. சீரங்கன் கேட்கக் கேட்க அப்படியே உட்கார்ந்துவிட்டது. “ஐயோ! நான் மடுவுக்குத்தானே ஆசைப்பட்டேன்! மான்குட்டியை நான் பார்த்ததுகூட இல்லையே!” என்று தலையில் அடித்துக்கொண்டது.

“நானும்தான் அதை நினைத்துப் பார்க்கவில்லை. எழுந்திரு. உன்னால் முடிகிற வேலை ஒன்று மலையடியில் இருக்கிறது.”

குகை வாசலில் பெரியாண்டி இன்னும் நின்றுகொண்டிருந்தது. உறக்கமில்லாமல் அதன் கண் உள்ளே போயிருந்தது. சீரங்கன் வாலைப் பருக்க வைத்துக்கொண்டு கருநாகத்தின் முன்னால் போய் நின்றது. தேய்ந்த நகத்தோடும் ரத்தக் காலோடும் அது போட்ட சண்டையைக் கரடிக் குட்டிகள் கண் கொட்டாமல் பார்த்தன. கடைசியில் பாம்பு பாறைக்கு அப்பால் போய் விழுந்தது.

பெரியாண்டி தன் கையைப் பார்த்துக்கொண்டது. புற்றைப் பிளந்த கை.

“தம்பி, என்னால் அந்தப் புற்றைத் திருப்பிக் கட்டித் தர முடியாது. கறையான் கட்ட வேண்டியதை நான் எப்படிக் கட்டுவேன்? என் குகைக்குப் பக்கத்திலே ஒரு பொந்து இருக்கிறது. உன் குட்டிகளைக் கொண்டு வா.”

“நாள் தருகிறாயா அண்ணா?”

“நீ எனக்கு என்றைக்கும் தவறவே இல்லையே!” என்று சொல்லிவிட்டுக் கரடி அழுதது.

அன்றே பெரியாண்டி தேனடை எடுத்துக்கொண்டு குரங்குகளிடம் போனது. “தேன்பாறை உன்னுடையதே” என்று தலைவி திருப்பிக் கொடுத்தது. மாலைக்குள் குரங்குகள் குளத்தங்கரை மரங்களில் ஏறி உட்கார்ந்துவிட்டன. முறிந்ததெல்லாம் ஒரே நாளில் ஒட்டிக்கொண்டது.

ஏகாம்பரம் மருத மரத்தில் இருந்த ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் நான்காம் வரியைக் கொத்தி எடுத்தது. அதற்கு மூன்று நாள் பிடித்தது. அந்த இடத்தில் வேறொரு வரியை எழுதியது: “ஒருவர் தவறினால், அவர் இப்போது இருக்கும் இடத்துக்கே போய், என்ன ஆயிற்று என்று முதலில் கேட்க வேண்டும்.” இந்த முறை எல்லாரையும் உட்கார வைத்துக் கடைசிவரை படித்துக் காட்டியது. நடுவில் எழுந்தவர்களை உட்கார் என்று அதட்டியது.

மழை வந்தது. சீரங்கன் சொன்னபடி தினம் ஒரு நண்டு கொடுத்து முடித்தது. இரண்டு நாள் கிடைக்கவில்லை. அந்த இரண்டு நாளும் சாலாச்சி கேட்டது. சீரங்கன் காரணம் சொன்னது. சாலாச்சியின் மூன்று குட்டிகளும் அந்தக் கோடையைத் தாண்டிவிட்டன. ஆனால் இருவரும் முன்போல் சிரித்துப் பேசிக்கொள்ளவில்லை.

தாய்மான் இப்போதும் உச்சிவெயிலில் தண்ணீர் குடிக்க வருகிறது. மேலே குரங்குகள் நிறைய இருக்கின்றன. ஆபத்து இல்லை என்று அவை எத்தனை முறை சொன்னாலும், அது பாதித் தாகத்தோடு திரும்பிப் போய்விடுகிறது.

ஒருவர் வாக்குத் தவறும்போது, அவரிடமிருந்து எதைப் பறிக்கலாம் என்று பார்ப்பதற்கு முன், அவருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்க வேண்டும். கேட்காமல் பறித்தால், அந்த அடி கைநாட்டு வைக்காத அப்பாவியின் மேல்தான் போய் விழும்.